அப்பம் கனவில் வந்தால் ஆசீர்வாதமா? பைபிளில் அப்படி இல்லை!

வணக்கம் மக்களே. மழை வெளுத்து வாங்குகிறது, அதனால் இன்று மொட்டைமாடி கிடையாது. உள்ளேயே உட்கார்ந்து பேசுகிறேன், ஃபேன் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரூத் வீடியோவுக்குக் கீழே ஒருவர், 'கனவில் அப்பம் வந்தால் வேதத்தின்படி என்ன பலன்?' என்று கேட்டிருந்தார். கூடவே ஒரு கனவுப் பலன் பிடிஎஃப் இணைப்பு. விலை 299 ரூபாய். வாங்கினேன். பணம் உடனே போய்விட்டது, ஃபைல் வரவில்லை. மெயில் போட்டு, மறுபடி மெயில் போட்டு, ராத்திரிதான் வந்தது. திறந்தால் பாதிப் பக்கங்களில் பூப்படம்! 299 ரூபாய்க்குப் பூப்படம். பழைய புத்தகக் கடையில் அந்தக் காசுக்கு நல்ல ஒத்துவாக்கியமே, அதாவது பைபிள் சொல் அகராதியே, கிடைக்கும். மீதிப் பக்கங்களில் அகரவரிசை: அப்பம் என்றால் ஆசீர்வாதம், பசு என்றால் செல்வம்.

அந்த அப்ப வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆதியாகமம் 40-ஐ எடுங்கள். சிறையில் எகிப்து ராஜா பார்வோனின் பானபாத்திரக்காரனும், அப்பம் சுடுகிற சுயம்பாகியும் ஒரே இரவில் கனவு காண்கிறார்கள். ஒருவனுக்கு மூன்று திராட்சைக் கொடிகள், மற்றவனுக்கு மூன்று கூடைகள். மூன்று என்றால் மூன்று நாள் என்று இருவருக்கும் ஒரே கணக்கைத்தான் அதே சிறையில் இருந்த யோசேப்பு சொல்கிறார். ஆனால் முதல் கனவில் அவனே பழத்தைப் பிழிந்து ராஜாவின் கையில் கிண்ணத்தைக் கொடுக்கிறான். இரண்டாவது கனவில் ராஜாவுக்கான பலகாரத்தைப் பறவைகள் தின்கின்றன, இவன் விரட்டக்கூட இல்லை. அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, இவனுக்குத் தூக்குமரம். அப்பம் வந்த கனவு இதுதான்!

அதே அப்பம் நியாயாதிபதிகள் 7-இல் மறுபடி வருகிறது. ஒரு வாற்கோதுமை அப்பம், இஸ்ரவேலின் எதிரிகளான மீதியானியரின் பாளையத்துக்குள் உருண்டு வந்து கூடாரத்தைக் கவிழ்த்துப்போடுகிறது. கண்டவன் மீதியானியப் போர்வீரன். 'இது கிதியோனின் பட்டயம் (வாள்)' என்று அர்த்தம் சொன்னவனும் அவன் தோழன்தான், தீர்க்கதரிசி இல்லை. இருட்டில் ஒளிந்திருந்து கேட்ட இஸ்ரவேல் தலைவன் கிதியோன் அங்கேயே பணிந்துகொள்கிறான். எனக்கு எவ்வளவு பிடித்த காட்சி தெரியுமா! எதிரியின் வாயிலிருந்து வந்த அர்த்தம், 300 பேரோடு நிற்கிறவனுக்குத் தைரியம் தருகிறது.

அந்த பிடிஎஃப் போலக் கனவுக்குப் பட்டியல் போட்டவர்கள் எகிப்தியர்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 3,200 ஆண்டுப் பழமையான ஒரு பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. பெரிய பூனையைக் கண்டால் நல்லது, நிறைய விளைச்சல். ஆழமான கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் கெட்டது, சிறை. 'கெட்டது' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில்தான் பார்வோன் கனவில் கண்ட ஏழு பசுக்களுக்கு மந்திரவாதிகளால் அர்த்தம் சொல்ல முடியவில்லை என்கிறது ஆதியாகமம் 41.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். சிறையிலிருந்து போன பானபாத்திரக்காரன் யோசேப்பை மறந்தே போய்விட்டான், முழுதாக இரண்டு வருஷம்! அந்த ஆளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பார்வோன் கனவு கண்ட பிறகுதான் அவனுக்கு ஞாபகமே வருகிறது.

அப்போது யோசேப்பு அர்த்தத்தோடு நிறுத்தவில்லை. ஏழு வருஷம் செழிப்பு, ஏழு வருஷம் பஞ்சம் என்று சொன்ன கையோடு, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கி நகரங்களில் சேர்த்து வையுங்கள் என்கிறார். எந்தப் பலன் புத்தகம் களஞ்சியம் கட்டச் சொல்லும்? தானியேல் புத்தகத்தில் வரும் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் இன்னும் ஒரு படி மேலே: கனவு என்ன என்பதையே நீங்கள் சொல்லுங்கள் என்று பாபிலோன் ஞானிகளைக் கேட்டுவிட்டான். எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள்?

எரேமியா 23-ஐயும் படித்துவிடுங்கள். 'சொப்பனம் கண்டேன், சொப்பனம் கண்டேன்' என்று ஊரை ஏமாற்றியவர்களை அந்தத் தீர்க்கதரிசி விடவே இல்லை. கோதுமைக்கு முன் பதர் எம்மாத்திரம் என்று கேட்கிறார். அடுத்த வீடியோவில் தானியேல் 4, வெட்டப்பட்ட அந்தப் பெரிய மரம்.