இரண்டாம் விருப்பு எங்கே போயிற்று?

அவைத்தலைவர் அவர்களே, வேலைநாள் மாலையில் காலி வீதி நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

கட்சிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரசியலைப் பார்ப்பது பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 2024 செப்டெம்பர் 21 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதத்தையும் சஜித் பிரேமதாச 32.76 வீதத்தையும் பெற்றனர். எவரும் பாதியைத் தாண்டாததால் இந்நாட்டில் முதல் தடவையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. ஏனைய வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் சுமார் 33 இலட்சம். அந்த வாக்காளர் ஒவ்வொருவருக்கும், தம்முடைய ஆள் தோற்றால் எஞ்சும் இருவரில் எவர் பரவாயில்லை என்பதை 2 அல்லது 3 என எழுதிக் காட்டும் உரிமை இருந்தது. இருவருக்கும் சேர்த்து அவ்வாறு கிடைத்தவை ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. அதாவது, பன்னிரண்டு வாக்குச்சீட்டுகளில் ஒன்று.

1982இல் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்த நாள் முதல் இந்த உரிமை நம் கையில் இருக்கிறது. புள்ளடி போட்டே பழகியவர்களுக்கு அது தெரியாமல் போயிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவர்களுள்ளும் பலர் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். நம்முடைய ஆளுக்கு அடுத்தபடியாக ஒருவரை எண்ணிப் பார்ப்பதே துரோகம் என்ற மனநிலை, நம் வீடுகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஊறிப் போயிருக்கிறது.

தலைவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரங்களை மீண்டும் குவித்த இருபதாவது திருத்தத்துக்கு 156 பேர் கை உயர்த்தினார்கள். இரண்டே ஆண்டுகளில், 2022 ஒக்டோபரில், அவ்வதிகாரங்களிற் சிலவற்றைக் குறைத்த இருபத்தோராவது திருத்தத்துக்கு 179 பேர் கை உயர்த்தினார்கள். இரண்டும் 225 ஆசனங்கள் கொண்ட அதே பாராளுமன்றத்தில் நடந்தவை. ஆகவே நூறு பேருக்கு மேல் இரு தடவையும் ஆதரித்தே இருக்க வேண்டும். அவர்கள் மாறியதில் எனக்கு வியப்பில்லை, அவர்களின் தொழிலே அது. இரு தடவையும் அவர்களுக்காக அயலவருடன் முகம் முறித்துக்கொண்ட ஆதரவாளர்களை நினைத்தால்தான் மனம் பொறுக்கவில்லை. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று 1994இல் சந்திரிகா குமாரதுங்க சொன்னார், 2015இல் மைத்திரிபால சிறிசேன சொன்னார். முறை இன்னும் இருக்கிறது. கதிரையில் எதிராளி இருக்கும்போது கொடுங்கோன்மையாகத் தெரியும் அதிகாரம், நம்மவர் அமர்ந்ததும் 'நாட்டுக்கு வேண்டிய பலம்' ஆகிவிடுகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கொழும்பிலே இந்த நோய்க்கு இன்னொரு வசதியும் உண்டு. லேக் ஹவுஸ் என்ற ஒரே நிறுவனத்திலிருந்து 'தினமின', 'தினகரன்', 'டெய்லி நியூஸ்' என மும்மொழிப் பத்திரிகைகள் வெளிவருகின்றன. பத்திரிகைக் கடையில் அவை பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. வாங்குபவர் தம் மொழிப் பத்திரிகையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். சந்தையிலும் அலுவலகத்திலும் சிங்களம் பேசும் நம்மில் எத்தனை பேர், ஒரு சிங்களத் தலையங்கத்தை முழுவதுமாக வாசித்திருக்கிறோம்? அங்கே என்ன எழுதியிருக்கும் என்பது நமக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைக்கிறோம். அவர்களும் நம்மைப் பற்றி அப்படியே நினைக்கிறார்கள்.

இதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனை தமிழ் இளைஞர்கள் விசாரணையின்றி வாடினார்கள் என்பதை இந்த மண்டபத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 2022 ஓகஸ்டில், காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் பின், மாணவர் தலைவர் வசந்த முதலிகே உள்ளிட்ட மூவர் அதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்கள். தெற்கிலே அச்சட்டத்துக்கு எதிராகப் பெரிய குரல் எழுந்தது. அப்போது நம்மவர் சிலர், "இப்போதாவது உறைக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். நாற்பது ஆண்டு வலியிலிருந்து வந்த கேள்வி அது, நியாயமான கேள்வியும்கூட. ஆனால் அத்துடன் நின்றவர்கள், சட்டத்தை எதிர்த்தார்களா, அல்லது அது யார் மீது பாய்ந்தது என்பதைப் பார்த்து எதிர்த்தார்களா? அதற்கு முந்திய தசாப்தங்களில் தெற்கில் வாய் மூடியிருந்தவர்களிடம் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான்.

அடுத்த முறை உங்கள் கட்சி ஒரு சட்டமூலத்தை ஆதரிக்கும்போது, அதைக் கொண்டுவருபவரின் பெயரை மனத்தில் அழித்துவிட்டு, நீங்கள் அறவே வெறுக்கும் ஒருவரின் பெயரை அங்கே எழுதிப் பாருங்கள். அப்போதும் சரி என்று தோன்றினால் தாராளமாக ஆதரியுங்கள். தோன்றாவிட்டால் உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு அதைக் கடிதமாக எழுதுங்கள். எதிர்க்கட்சியின் கண்டனத்தை அவர் குப்பையில் போடலாம், தமக்கு வாக்களித்தவரின் கடிதத்தை அவ்வளவு எளிதாகப் போட முடியாது.