செத்த சொல்லுக்கும் பாயின்ட் உண்டு

வணக்கம் நேயர்களே. ஆங்கில எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இப்படியெல்லாம் ஒரு வார்த்தை இருக்கா?" என்பதுதான். இருக்கிறது. இன்று லண்டன் தெருவில் சொன்னால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள், ஆனால் பலகையில் வைத்தால் செல்லும்.

ஒய்-ஜி-ஓ என்று மூன்று டைல் வையுங்கள். 'போன' என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் முடிந்த வினைக்கு முன்னால் ஒட்டிய 'கெ' காலப்போக்கில் தேய்ந்து ஒய் ஆகிவிட்டது. ஜெர்மன் மொழியில் அந்த 'கெ' இன்றும் அப்படியே இருக்கிறது. 1590-இல் தன் பெருங்காவியத்தின் முதல் பகுதியை வெளியிட்ட ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சருக்குப் பழைய வாசனை அடிக்கும் சொற்கள் மீது அப்படி ஓர் ஆசை. ஒய்-ஜி-ஓ போல அவர் காலத்திலேயே வழக்கொழிந்தவற்றைத் தேடிப்பிடித்து எழுதினார். பழையவர்களைப் போல எழுதப் போய் எந்த மொழியிலும் எழுதாமல் விட்டார் என்று நாடகாசிரியர் பென் ஜான்சன் கடிந்துகொண்டது சும்மா இல்லை. ஆனால் எடின்பரோவின் சேம்பர்ஸ் அகராதி ஸ்பென்சர், ஷேக்ஸ்பியர், மில்டன் சொற்களையெல்லாம் விடாப்பிடியாகச் சேர்த்து வைத்தது, பிரிட்டிஷ் ஸ்கிராபிள் பட்டியல் பல காலம் அந்த அகராதியிலிருந்து வந்தது, பிறகு காலின்ஸ் அகராதி பொறுப்பேற்றபோதும் அவை போகவில்லை. ஒரு கவிஞரின் பிடிவாதத்தில் நமக்கு ஏழு பாயின்ட்!

ஸ்பென்சரைப் படிக்க வேண்டுமா? வேண்டாம். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வாங்கினார், பிரெஞ்சு பேசத் தெரியாமலே. 2024-இல் ஸ்பானிஷிலும் அதே கதை. ஆனால் நம்மைப் போன்ற சாதாரண மூளைக்கு அர்த்தம் ஓர் ஆணி மாதிரி, அதில்தான் சொல் மாட்டி நிற்கும். அதனால் நான் கதையோடுதான் சொல்லித் தருவேன்.

சி-டபிள்யூ-எம் எடுத்துக்கொள்ளுங்கள், உயிரெழுத்தே இல்லை, பத்து பாயின்ட். வெல்ஷ் மொழியில் பள்ளத்தாக்கு. அங்கே டபிள்யூவே 'ஊ' ஒலி, எனவே 'கூம்' என்று படிக்க வேண்டும். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் கடக்கும் வெஸ்டர்ன் கூம் இதே சொல்தான், 1921-இல் மலையேறி மலோரி வைத்த பெயர். இதற்கு நேர் எதிர், கையில் வெறும் உயிரெழுத்தாக வந்து குவியும் நாள். அதற்கு இ-யூ-ஓ-யூ-ஏ-இ. தேவாலயப் பாட்டேடுகளில் லத்தீன் 'செகுலோரும் ஆமென்' என்பதை முழுதாக எழுதச் சோம்பல்பட்டு உயிரெழுத்தை மட்டும் எழுதினார்கள், அது ஒரு சொல்லாகவே அகராதிக்குள் வந்துவிட்டது. வெறும் ஆறு பாயின்ட்தான், ஆனால் டைல் அடுக்கும் ரேக் கிட்டத்தட்டக் காலியாகும், அந்த நிம்மதிக்கு விலை கிடையாது.

எனக்குப் பிடித்தது டி-எச்-ஓ-யூ, அதாவது 'தவ்'. பழைய ஆங்கிலத்தின் 'நீ'. எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது வினைச்சொல்லும்கூட என்பது பலருக்குத் தெரியாது. ஒருவரை நீ, வா, போ என்று ஒருமையில் பேசுவதே தவ் செய்வது, ஆகவே பின்னால் இ-டி, ஐ-என்-ஜி எல்லாம் தாராளமாகச் சேரும். பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் பெரிய மனிதர்களையும் இப்படி ஒருமையில் அழைத்து வம்பில் மாட்டினார்கள், நமக்குப் புரியாத வம்பா என்ன!

அப்புறம் ஒரு விஷயம். நீளமான அலங்காரச் சொற்களின் பின்னால் ஓடாதீர்கள். காலின்ஸின் 2019 பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் 127, முதலில் அவை. அதிலேயே சி-எச் உண்டு, தென்மேற்கு இங்கிலாந்தின் பழைய பேச்சில் 'நான்'. கியூ வந்து யூ வராவிட்டால் கியூ-ஐ, சீனர்கள் சொல்லும் உயிராற்றல்.

ஆட உட்காரும் முன் எந்தப் பட்டியல் என்று கேட்டுவிடுங்கள். அமெரிக்கப் பட்டியலில் கியூ-ஐயும் கூமும் செல்லும், ஒய்-ஜி-ஓவும் சி-எச்சும் செல்லாது. இந்தியாவிலும் இலங்கையிலும் போட்டிகளுக்குக் காலின்ஸ்தான், ஆனால் போனில் இருக்கும் ஆப் எதை வைத்திருக்கிறது என்பதை செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.