யாருடைய நோயாளிகளின் கணக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் வருகிற ஒரு நோய். அதற்கான பரிசோதனை, நோய் உள்ளவரைத் தவறவிடாது. ஆனால் நோய் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 5 பேருக்கு 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். சரி, உங்களுக்கு 'இருக்கிறது' என்று வந்துவிட்டது. உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பலரும் 95 சதவீதம் என்பார்கள். கணக்குப் போட்டால் 2 சதவீதம்தான். ஆயிரம் பேரைச் சோதித்தால் ஏறக்குறைய 51 பேருக்கு அப்படி வரும், அவர்களில் நோயாளி ஒருவரே.

புதிய தகவல் வந்ததும் வாய்ப்பை எப்படித் திருத்துவது என்று காட்டும் பேய்ஸ் தேற்றத்தின் இந்தக் கணக்கைத்தான் நிகழ்தகவு வல்லுநர் அமைப்புகள், அதாவது நோயைக் கண்டறிய மருத்துவருக்கு உதவும் கணினி நிரல்கள், ஒவ்வொரு அறிகுறிக்கும் சலிக்காமல் போடுகின்றன.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மருத்துவர் டி டோம்பல் குழுவினர், திடீர் வயிற்றுவலியோடு வந்த 304 பேரிடம் இதைச் சோதித்து 1972இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணினி 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது. மூத்த மருத்துவர்கள் 79.6 சதவீதம். இந்த வெற்றியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உண்மையான நோயாளிகளின் பதிவுகளுக்குப் பதிலாக, மருத்துவர்கள் உத்தேசமாகச் சொன்ன எண்களைக் கொடுத்தபோது அதே முறையின் துல்லியம் நன்றாகவே குறைந்தது. அனுபவசாலிகளின் ஊகம் பதிவேட்டுக்கு ஈடாகவில்லை.

அந்தக் காலத்து முறையில் ஒரு குறையும் இருந்தது. காய்ச்சலையும் குளிர்நடுக்கத்தையும் தொடர்பில்லாத இரு சாட்சிகளாக எடுத்துக்கொண்டு, ஒரே செய்தியை இரண்டு முறை எண்ணிவிடும். 1980களில் கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்ல் முதலியோர் வளர்த்தெடுத்த பேய்ஸ் வலைப்பின்னல்கள், எது எதைச் சார்ந்தது என்பதையும் சேர்த்தே கணக்கில் கொண்டன. அப்புறம் வந்த பாத்ஃபைண்டர் என்ற கணினி அமைப்பு, நிணநீர்க்கணு நோய்களில் அறுபதுக்கு மேற்பட்டவற்றைப் பிரித்தறிய, திசுக்களை ஆராய்ந்து நோயைச் சொல்லும் நோய்க்குறியியலாளருக்கு உதவியது. அடுத்து எதைப் பார்த்தால் சந்தேகம் அதிகம் தீரும் என்றும் சொன்னது. மருத்துவருக்கு நல்ல துணை என்று நான் கருதுவது இப்படி அடுத்த கேள்வியைக் காட்டுகிற அமைப்பைத்தான்.

ஆகவே, இப்படி ஒரு அமைப்பை வாங்கும் மருத்துவமனை முதலில் கேட்க வேண்டியது, இதிலுள்ள எண்கள் எந்த நோயாளிகளிடமிருந்து வந்தவை என்பதுதான். பெரிய சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறவர்களிடம் அரிய நோய் அதிகம் தென்படும். அந்த எண்களை அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனால், சாதாரணத் தலைவலிக்காரருக்கும் மூளைக்கட்டி என்ற சந்தேகம் மேலே வந்து நிற்கும்.

நன்றி, வணக்கம்.