முதல் நாள் எண்ணை நம்பாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பயிற்சியாளராகத் தொழிலுக்கு வந்த புதிதில், வந்தவர் எவ்வளவு எடை தூக்குகிறார் என்று முதல் நாளே அளந்து குறித்துக்கொள்வேன். மூன்றே வாரத்தில் அந்த எண் ஏறிவிடும். எல்லாம் என் கைராசி என்று எனக்குள் பெருமை வேறு!

உண்மையில் தசை அவ்வளவு வேகமாகப் பருப்பதில்லை. தொடக்க வாரங்களின் ஏற்றத்தில் பெரும்பங்கு நரம்புகளுடையது. இருக்கிற தசை நார்களையே கூடுதலாக வேலை வாங்க மூளை பழகிக்கொள்கிறது. சைக்கிள் ஓட்டுவதைப் போல எடை தூக்குவதும் ஒரு பழக்கம்தான். அதனால், அசைவைச் சில நாட்கள் பழக்கிவிட்டு, வேறு வேறு நாட்களில் இரண்டு முறை சோதிக்கிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போன பிறகே பயிற்சித் திட்டம் எழுதுவேன்.

ஒரே ஒரு முறை மட்டும் ஒழுங்காகத் தூக்க முடிகிற உச்ச எடையை 'ஒன் ரெப் மேக்ஸ்' என்பார்கள். உடல்நலம் உள்ளவர்தான் என்றாலும், புதியவரை அந்த எல்லைவரை தள்ள வேண்டியதில்லை. கணக்கு இருக்கிறது. 40 கிலோவை 6 முறை தூக்குகிறார், ஏழாவது முடியவில்லை என்று வையுங்கள். 40-ஐ 6-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் 8. அதை 40-உடன் கூட்டினால் 48 கிலோ. இது எப்லி சூத்திரம். பத்து முறைக்கு மேல் போனால் கணக்கு தடுமாறும்.

தொடக்கநிலையில் உச்சத்தின் 60 முதல் 70 சதவீதம் போதும். இவருக்கு 29 முதல் 33 கிலோ. அதை 8 முதல் 12 முறை, வாரம் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. 12 முறையும் எளிதாகிவிட்டால் எடையைச் சற்றே கூட்டலாம். படிப்படியாகச் சுமையேற்றும் இந்த முறையை 1940-களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயமுற்ற வீரர்களுக்காக வகுத்தார்.

மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

மறுசோதனை எட்டு வாரம் கழித்து. அதே கருவி, அதே நேரம், அதே இருக்கை உயரம். காலையில் அளந்ததை மாலையில் அளந்ததோடு ஒப்பிட்டுவிட்டு "எனக்கு வலு கூடிவிட்டது" என்று வருபவர்களிடம், நாளைக் காலை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.