ஆழம் பார்க்க ஓர் இடம்

நண்பர்களே, "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நல்ல புத்திமதிதான். ஆனால் ஆழம் பார்க்கப் பழகுவதற்குக் குழந்தைக்கு ஓர் இடம் வேண்டாமா? அப்படி ஓர் இடமாக, குழந்தைகளுக்கான நீர் விளையாட்டுத் திடலை எப்படி அமைப்பது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

நார்வே ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் குழந்தைகளின் துணிச்சல் விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம் ஆகியவற்றோடு, நீர், நெருப்பு போன்றவற்றின் அருகே விளையாடுவதும் அதில் ஒரு வகை. பயமும் குதூகலமும் கலந்த அந்த உணர்வைத் தேடித்தான் குழந்தை தண்ணீரிடம் போகிறது. பயத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது ஈரத் தரைதான்.

அதற்காக எல்லா ஆபத்தையும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து வேறு, தெரியாத ஆபத்து வேறு. ஓடையின் குறுக்கே போட்ட கற்களைப் பாருங்கள். இடைவெளியைக் குழந்தை கண்ணால் அளக்கிறது, ஒரு காலை நீட்டிப் பார்க்கிறது, பின்வாங்குகிறது, மறுபடி வருகிறது. தவறினால் முழங்கால் நனையும், கொஞ்சம் சிராய்க்கலாம். அந்தக் கணக்கில் நாம் கைவைக்கக் கூடாது. கற்களை ஒரே சீராகப் போடவும் கூடாது. எல்லா இடைவெளியும் ஒன்றாக இருந்தால் அளக்க என்ன இருக்கிறது?

கலங்கிய நீருக்கடியில் திடீர்ப் பள்ளம், பாசி பிடித்த சரிவு, உறிஞ்சி இழுக்கும் வடிகால் – இவற்றை எந்தக் குழந்தையாலும் கணிக்க முடியாது. இங்கே சமரசமே கிடையாது. பொது நீச்சல்குளங்களின் வடிகால் மூடிகள் எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2007இல் சட்டமே போட்டார்கள். நடை பழகும் குழந்தை சில சென்டிமீட்டர் நீரிலும் மூழ்கிவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். அந்த வயதினரின் பகுதியில் நீர் தேங்கவே கூடாது. ஓடி வடிந்துவிட வேண்டும். பெரியவர்கள் உட்காரும் பெஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடிபம்பு. அடித்தால்தான் தண்ணீர் வரும் என்பதால், எவ்வளவு வெள்ளம் வேண்டும் என்பதைக் குழந்தைகளே தீர்மானிக்கிறார்கள். கீழே வாய்க்காலும் மணலும் பலகை மடைகளும் இருந்தால் போதும். ஒருவர் அடிக்க, ஒருவர் அணை கட்ட, இன்னொருவர் கேட்காமல் மடையைத் திறந்துவிட, சண்டை வரும், சமாதானமும் வரும். தயவுசெய்து உடனே ஓடிப்போய்த் தீர்த்துவைக்காதீர்கள்.

முதன்முதலாக நீர் விட்டுப் பார்க்கும் நாளில் ஒன்று செய்யுங்கள். கரையில் மண்டியிட்டு, மூன்று வயதுக் குழந்தையின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். அடி தெரிகிறதா? தெரியவில்லை என்றால் திறப்பு விழாவைத் தள்ளிவையுங்கள்.