புலியும் பூனையும் புண்ணாக்கும்

(தருமபுரியில் சிறுதொழில் முனைவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மாவட்டத் தொழில் மையத்திலிருந்து வேலை நெருக்கடிக்கு நடுவிலும் வந்திருக்கும் அலுவலர் பெருமக்களே, நாற்காலியைக் கடைக்காரருக்கு விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அவர்களே, வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, காரிமங்கலம், பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று பஸ் மாறி வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, வணக்கம். அதியமான் ஆண்ட தகடூரில் நின்று பேசும்போது ஔவையையும் நெல்லிக்கனியையும் சொல்லாமல் தொடங்கினால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டேன். இனி மரச்செக்கு எண்ணெய்க்கு வருகிறேன்.

விலை, கடன், எடை. இந்த மூன்றையும்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

புதிதாக மரச்செக்கு போட்டவர் செய்யும் முதல் தவறு, எதிரில் இருபது வருடமாக நிற்கும் பெரிய கடையின் விலைப் பலகையைப் பார்த்துத் தன் பலகையை எழுதுவது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இதுதான். சூடு போட்டால் கோடு வராது, புண்தான் வரும்.

கணக்கைப் பாருங்கள். நிலக்கடலைப் பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ 12,000. நன்றாகக் காய்ந்த பருப்பென்றால் 42 கிலோ எண்ணெய் வரும். தெளியவிட்டு, கசடு போக 41 கிலோ. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். ஆக 45 லிட்டர். புண்ணாக்கு 55 கிலோ, கிலோ 45 என்றால் 2,475 திரும்பி வருகிறது. கரண்ட், கூலி, வாடகை, பாட்டில் எல்லாம் 1,600 என்று போடுங்கள். லிட்டர் அடக்கம் 247 ரூபாய். எதிர்க்கடை 220 என்று எழுதியிருக்கிறதே என்று நீங்களும் 220 எழுதினால், 100 கிலோ ஆட்டுவதற்கு 1,225 ரூபாய் கைநஷ்டம். ஒரு மாதம் ஆட்டினால் செக்கே அடமானம்.

எதிர்க்கடையில் இருப்பது பெரிய ஆலை எண்ணெய். அந்த ஆலைக்கு மட்டும் எப்படிக் கட்டுகிறது? நம் செக்குப் புண்ணாக்கில் 8, 10 சதவீதம் எண்ணெய் அப்படியே தங்கிவிடும். அவர்கள் அந்தப் புண்ணாக்கையும் விடமாட்டார்கள். ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்து, ஒரு சதவீதம் அளவுக்குத்தான் மிச்சம் வைப்பார்கள். அந்த எண்ணெய் முழுவதும் அவர்கள் விலைக்குள் போகிறது. நம்மால் முடியாது. ஆனால் அதே புண்ணாக்கு கறவை மாட்டுக்கு எவ்வளவு தெம்பு! இதை மாடு வைத்திருப்பவரிடம் நேரே கொண்டுபோய் விற்றீர்களா? தரகரிடம் 45-க்குத் தள்ளாமல், பால் ஊற்றும் இடத்தில் 55-க்குக் கொடுத்தால் 550 ரூபாய் கூடுதல். லிட்டருக்கு 12 ரூபாய். விலையைக் குறைத்துப் பார்ப்பதற்கு முன்னால் புண்ணாக்கைப் பாருங்கள்.

பருப்பு ஈரமாக இருந்தால் எண்ணெய் கலங்கும், சீக்கிரம் சிக்கு வாசம் அடிக்கும். சுக்காகக் காய்ந்தாலும் எண்ணெய் பிரியாது, புண்ணாக்கு பொடியாக உதிரும். பூஞ்சை பிடித்த பருப்பைக் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அதில் கருணை வேண்டாம்.

அடுத்து எடை. ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். காலை பத்து மணி, கடையில் கூட்டம். மஞ்சள் பையோடு ஒரு அம்மா வருகிறார். "ஏன் தம்பி, அந்தக் கடையில பாக்கெட் 140. நீ 270 சொல்ற. எண்ணெயில தங்கத்தையா கரைச்சு வச்சிருக்க?" கடைக்காரர் வாக்குவாதம் செய்யவில்லை. "அந்தப் பாக்கெட்டைக் குடுங்கம்மா" என்று வாங்கித் தராசில் வைக்கிறார். 756 கிராம். பாக்கெட் உறையின் எடை 6 கிராம் போக 750. தன் பாட்டிலை வைக்கிறார், பாட்டில் எடை கழித்து 910. "அம்மா, நீங்க வாங்கினது லிட்டர் இல்ல. கிலோ கணக்குப் போட்டா அது 187 ரூபாய், என்னோடது 297." அம்மா விடுவாரா? "அப்பவும் நீதான் 110 ஜாஸ்தி!" கூட்டமே சிரிக்கிறது. கடைக்காரரும் சிரிக்கிறார். "ஆமாம்மா, ஜாஸ்திதான். அது பாமாயில், இது கடலக்கா எண்ணெ. உள்ள வந்து செக்கைப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க." அவர் உள்ளே போகிறார். பருப்பைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கிறார். அன்றைக்கு அரை லிட்டர்தான் வாங்குகிறார். வாங்கட்டுமே! இரண்டு மடங்கு என்று நினைத்து வந்தவர் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்று தெரிந்துகொண்டு போகிறார்.

அதனால்தான் போகிற மேடையெல்லாம் கத்துகிறேன்: தராசின் எண் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கட்டும்! கிலோவுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று இரண்டையும் வாசல் பலகையில் எழுதுங்கள். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறை வேலை. அந்த முத்திரைச் சான்றைக் கல்லாவுக்குள் பூட்டிவைக்காமல் சுவரில் மாட்டுங்கள். பூனை புலியோடு விலையில் மோதினால் சூடு. எடையில் மோதினால், புலி தன் பாக்கெட்டைத் தராசில் வைக்க யோசிக்கும்.

கடனைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் மணியைத் தட்டிவிட்டார். மேலாளர் பக்கத்திலேயே இருக்கிறார். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வைத்திருந்தார்கள், இப்போதும் உண்டா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் மேசை போட்டு ஒரு தராசு வைத்திருக்கிறோம். பையில் எண்ணெய்ப் பாக்கெட் இருந்தால் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். வணக்கம்.