சொந்த அணிக்குள் ஒரு நெடும்போர்: சிலியின் எவலின் மத்தேய்

நேயர்களுக்கு வணக்கம்.

தென் அமெரிக்கப் பெண் தலைவர்கள் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மிச்சேல் பச்லெட். இரண்டு முறை சிலியின் அதிபர். பிறகு ஐ.நா. மனித உரிமை ஆணையராக இலங்கை குறித்து அவர் அளித்த அறிக்கைகளால் தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட பெயர். இன்று நான் பேச வந்தது 2013 தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்றவரைப் பற்றி. எவலின் மத்தேய். சிலி வலதுசாரி அரசியலில் முப்பத்தைந்து ஆண்டுகளாக நிற்கும் பெண்மணி.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள்: இரண்டு தளபதிகளின் மகள்கள். அது உண்மைதான். எவலினின் தந்தை பெர்னாண்டோ மத்தேய், மிச்சேலின் தந்தை ஆல்பர்ட்டோ பச்லெட், இருவரும் விமானப்படை அதிகாரிகள், நண்பர்கள். வடக்கே செரோ மொரேனோ விமானத் தளத்தில் இரு குடும்பங்களும் ஒரே தெருவில் குடியிருந்தன. 1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சி அந்தத் தெருவை இரண்டாகப் பிளந்தது. அந்தப் புரட்சியில் கவிழ்க்கப்பட்ட இடதுசாரி அதிபர் அயெந்தேயின் அரசில் பணியாற்றிய ஆல்பர்ட்டோ பச்லெட் கைதாகி, விமானப்படைப் போர்க் கல்லூரியில் சித்திரவதைக்கு ஆளாகி, 1974 மார்ச்சில் சிறையிலேயே இறந்தார். அப்போது லண்டன் பணியிலிருந்து திரும்பியிருந்த மத்தேய் பிறகு அமைச்சரானார். 1978இல் ராணுவ ஆட்சிக்குழுவிலேயே இடம்பெற்றார். பச்லெட்டின் சாவுக்காக அவர்மேல் வழக்குத் தொடர வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் பின்னாளில் ஏற்கவில்லை.

ஆனால் இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் எவலினைப் புரிந்துகொள்வதில்லை. அவரை உயர்த்தியதும் கவிழ்த்ததும் பெரும்பாலும் இடதுசாரிகள் அல்ல. அவருடைய சொந்த அணி. இதை இந்த உரையில் இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன்.

1953இல் சாந்தியாகோவில் பிறந்தார். பியானோவில் நல்ல பயிற்சி உள்ளவர், பிறகு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர் செபாஸ்டியன் பின்யேரா. அவருடைய கடன் அட்டை நிறுவனத்திலும் எவலின் வேலை பார்த்தார். 1988 அக்டோபர் 5 பொது வாக்கெடுப்பில், 1973 முதல் நாட்டை ஆண்ட ராணுவ ஆட்சியாளர் பினோசே தொடர வேண்டாம் என்று ஏறத்தாழ 56 சதவீத மக்கள் சொன்னார்கள். அன்றிரவு அதிபர் மாளிகை வாசலில் நின்று, 'வேண்டாம்' என்பதே வென்றுவிட்டது என்று பத்திரிகையாளர்களிடம் முதலில் ஒப்புக்கொண்ட ஆட்சிக்குழு உறுப்பினர் எவலினின் தந்தை. மகள் அந்த வாக்கெடுப்பில் பினோசே பக்கம் வாக்களித்தவர், பின்யேரா எதிர்ப்பக்கம். இதையும் நினைவில் வையுங்கள்.

1989 தேர்தலில் எவலின் தேசியப் புதுப்பிப்புக் கட்சி சார்பில் கீழவைக்குப் போனார். பின்யேரா செனட்டர் ஆனார். பினோசேயின் நிழலிலிருந்து வலதுசாரிகளை வெளியே கொண்டுவரப்போகும் இளம் அணி என்று இவர்களைப் பத்திரிகைகள் கொண்டாடின. 1993 அதிபர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்ற போட்டி வந்தபோது, ஆசிரியரும் மாணவியும் எதிரெதிரே நின்றார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். சிலி அரசியலில் இதைவிட விநோதமான இரவு அதிகம் இல்லை.

1992 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. மெகாவிசியோன் தொலைக்காட்சியில் நேரலை அரசியல் விவாதம். அந்தத் தொலைக்காட்சியின் முக்கிய உரிமையாளரான தொழிலதிபர் ரிக்கார்தோ கிளாரோ, கையில் ஒரு சின்ன கேசட் ரேடியோவோடு அரங்கில் தோன்றுகிறார். கியோட்டோ என்று பெயர் போட்ட பெட்டி. மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். பின்யேராவின் குரல் கேட்கிறது. தன் நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் பேசுகிறார். தொலைக்காட்சி விவாதத்தில் எவலினிடம் கேள்வி கேட்கப்போகும் பத்திரிகையாளரை எப்படித் தயார்செய்வது என்பதுதான் பேச்சு. எவலினை நாசூக்காக மடக்க வேண்டும், விவரமறியாத சின்னப்பெண் போல் மக்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கொச்சை வார்த்தைகளோடு யோசனை சொல்கிறார். நாடே கேட்டது.

அந்தப் பேச்சு எப்படிப் பிடிபட்டது? பின்யேரா பேசியது செல்பேசியில். அந்தக் கால செல்பேசிகள் அனலாக் முறையில் இயங்கின; பேச்சுக்கு மறையாக்கம் எதுவும் கிடையாது. அலைவரிசை தெரிந்து, பொருத்தமான கருவியும் இருந்தால், இப்போது உங்கள் வானொலிப் பெட்டி என் குரலைப் பிடிக்கிற மாதிரி யாரும் பிடித்துவிடலாம். பிடித்தது ஒரு ராணுவ அதிகாரி. பினோசே அப்போதும் தரைப்படைத் தலைவர். அரசியல்வாதிகளின் பேச்சை ராணுவம் ஒட்டுக்கேட்கிறதா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. தற்செயலாகக் கிடைத்தது என்று ஒரு கேப்டன் பொறுப்பேற்றுக்கொண்டார், நம்பியவர்கள் குறைவு.

சரி, நாடா கிளாரோ கைக்கு எப்படிப் போனது? இரண்டு மாதத்துக்கு மேல் ஊகங்கள். நவம்பரில் எவலினே ஒப்புக்கொண்டார்: கொடுத்தது நான்தான். பாதிக்கப்பட்டவர் என்று அனுதாபம் திரண்டிருந்த நேரத்தில் அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. போட்டியிலிருந்து இருவரும் விலக வேண்டியதாயிற்று. 1993இல் வலதுசாரிகள் கடைசியில் அர்த்துரோ அலெஸ்ஸாந்திரியை நிறுத்தினார்கள். அவருக்குக் கிடைத்தது 24 சதவீதம். கவனியுங்கள், எதிரிகள் ஒரு கல்கூட எறியவில்லை. சொந்த அணிதான்.

வேறு யாராக இருந்தாலும் அரசியல் அங்கேயே முடிந்திருக்கும். எவலின் கட்சியை விட்டு விலகினார், சாந்தியாகோவின் பணக்காரத் தொகுதியை விட்டுத் துறைமுக ஊரான சான் அந்தோனியோவுக்குப் போனார், சுயேச்சையாக நின்று 1993இல் மீண்டும் வென்றார். 1998 முதல் கொக்கிம்போ பகுதியின் செனட்டர். இதற்கிடையில் பினோசே ஆதரவாளர்கள் நிறைந்த சுதந்திர ஜனநாயக ஒன்றியத்தில் சேர்ந்தார். ஆனால் அங்கும் அவர் அடங்கிய பிள்ளை அல்ல. 2010இல் தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற நிலைமைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதாவை ஒரு சோஷலிஸ்ட் செனட்டரோடு சேர்ந்து முன்வைத்தார். கத்தோலிக்க உணர்வு மிகுந்த அந்தக் கட்சியில் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

2011 ஜனவரியில் அதிபர் பின்யேரா (ஆம், அதே பின்யேராதான்) அவரைத் தொழிலாளர் அமைச்சராக்கினார். அவர் அமைச்சராக இருந்த அந்த ஆண்டில்தான் மகப்பேறு விடுப்புச் சட்டம் மாறியது. பிரசவத்துக்குப் பின் இருந்த 12 வாரத்தோடு இன்னும் 12 வாரம் முழு விடுப்பு; அல்லது அரைநாள் வேலைக்குத் திரும்பினால் 18 வாரம். தாய் விரும்பினால், இந்தக் கூடுதல் விடுப்பின் ஏழாவது வாரத்திலிருந்து ஒரு பகுதியைத் தந்தைக்கு மாற்றித் தரலாம். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்குச் சொல்லாமலே புரியும்.

இப்போது 2013. வலதுசாரிகளின் முதனிலைத் தேர்தல், அதாவது அணியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல், ஜூன் 30இல் நடந்தது. வென்றவர் பப்லோ லொங்கேய்ரா. பதினேழு நாளில், மனச்சோர்வு நோயால் விலகினார். ஒன்றியம் மூன்றே நாளில் எவலினை அறிவித்தது. தோழமைக் கட்சியான தேசியப் புதுப்பிப்போ ஆகஸ்ட் வரை இழுத்தடித்தது. அது அவர் விட்டு வந்த அதே கட்சி. வாக்குப்பதிவு நவம்பர் 17. ஒன்பது வேட்பாளர்கள். பச்லெட்டுக்கு ஏறத்தாழ 47 சதவீதம், எவலினுக்கு 25. பாதிக்கு மேல் யாரும் பெறாததால் டிசம்பர் 15இல் இரண்டாம் சுற்று. அதில் 62க்கு 38. பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் வரவே இல்லை, ஏனென்றால் வாக்களிப்பது அப்போது கட்டாயமில்லை. நாலு மாத வேட்பாளர், மக்கள் செல்வாக்கு மிக்க முன்னாள் அதிபர். இந்தத் தோல்வியை எவலின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

நேரம் ஓடிவிட்டது. பிராவிதென்சியா நகராட்சி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகவே சொல்ல முடியும். 2016 முதல் 2024 வரை எட்டு ஆண்டுகள் அங்கே மேயர். 2019 போராட்டங்களின் மையமான பக்கேதானோ சதுக்கம் அந்த நகராட்சியின் எல்லையில்தான் இருக்கிறது. அந்த எட்டு ஆண்டுகள்தான் அவரை மறுபடியும் அதிபர் வேட்பாளர் ஆக்கின. 2024இல் கருத்துக்கணிப்புகளில் அவரே முன்னணி.

பிறகு 2025. வலதுசாரிகள் பொதுவான முதனிலைத் தேர்தல் நடத்தாமலே, எவலின், அவரைவிடக் கடும் வலதுசாரிகளான கஸ்த், கைசர் என்று மூன்று பேராக நின்றார்கள். ஏப்ரலில் ஒரு வானொலிப் பேட்டியில், 1973 புரட்சியின் தொடக்க காலச் சாவுகள் தவிர்க்க முடியாதவை என்ற பொருளில் எவலின் பேசியது நடுநிலை வாக்காளர்களை விலக்கியது. கடும் வலதுசாரிகளுக்கோ அவர் ஏற்கெனவே மிதவாதி. வாக்களிப்பது இப்போது கட்டாயம், கூட்டம் பெருகியது. நவம்பர் 16இல் அவருக்கு 12 சதவீதத்துக்குச் சற்று மேல், ஐந்தாம் இடம். முன்னே நின்ற நால்வரில் இருவர் அவருடைய பக்கத்திலிருந்தே வந்தவர்கள். அன்றிரவே கஸ்தின் அலுவலகத்துக்கு நேரில் போய் ஆதரவு தெரிவித்தார். டிசம்பரில் கஸ்த் வென்றார். நன்றி, வணக்கம்.